சார்ஜன்ட் சொன்ன பெயர்

அப்பாவைப் பெட்டியில் வளர்த்தி ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. படலைக்கு வெளியே ஒரு இராணுவ ஜீப் வந்து நின்றது.

செத்தவீடு என்றால் அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளுக்கு வந்ததில்லை. பந்தலுக்குள் ஒருபுறம் வெங்காய விலை, ஒருபுறம் கனடா விசா, குசினிப் பக்கம் தேத்தண்ணீர்க் கோப்பைகளின் சத்தம். ஜீப்பின் கதவு திறந்ததும் அதெல்லாம் வரிசையாக ஓய்ந்துபோனது. பிளாஸ்ரிக் கதிரை ஒன்று நிலத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கியவர் ஒரு கப்டன். முப்பது வயதுகூட இருக்காது. பின்னால் மூன்று சிப்பாய்கள். ஒருவருடைய கையில் மடித்த கொடி ஒன்று கண்ணாடி உறைக்குள் இருந்தது. துவக்குகளை ஜீப்பிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அதைக் கவனித்தேன். விறாந்தைப் படியில் சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று அந்தக் கப்டன் தடுமாறியதையும் கவனித்தேன். கடைசியில் கழற்றினார்.

“அம்மா, சார்ஜன்ட் தேவசகாயம் ஐயாவுக்கு மரியாதை செய்ய வந்தோம்” என்று பாடமாக்கி வந்த தமிழில் சொன்னார். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். திடுக்கிட்டுப் போனார். நான் பிறந்து வளர்ந்தது தெற்கில், படை முகாமின் குடும்பக் குவாட்டேர்சில் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பதக்கம் பெற்ற பழைய வீரர் ஒருவர் இறந்தால் பெட்டிக்குக் கொடி போர்த்தி, ஊதுகுழல் ஊதி, அணிவகுத்து அனுப்புவது படையின் வழக்கம் என்றார். அதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு படிவத்தையும் பேனையையும் நீட்டினார்.

நான் பேனையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை தபால் கந்தோரையும், அங்கே முப்பது வருடம் நான் முத்திரை குத்தியதையும் பற்றியே எழுதிவந்தேன். அப்பாவைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மறைக்க வேண்டும் என்றில்லை. அலுப்புத்தான். நல்லவரா கெட்டவரா, எங்கள் ஆளா அவர்கள் ஆளா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு.

கூரையில் நின்றவர்கள்

அப்பாவின் தகப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதாகமம் படிப்பித்தவர். மகனும் வாத்தியாராக வர வேண்டும் என்று நினைத்தார். மகன் நன்றாக ஓடுவான், நீந்துவான், கணக்கு மட்டும் வராது. இருபது வயதில் காலாட்படையில் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் அது ஒரு அரசாங்க உத்தியோகம், அவ்வளவுதான். சேர்ந்ததற்காக ஊரில் ஒருவரும் அவரை ஒதுக்கவில்லை. லீவில் வரும்போது தகரப் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார் என்று காத்திருந்தார்கள்.

நானும் தம்பி செல்வனும் குவாட்டேர்சில் வளர்ந்தோம். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவன் முதலில் பேசிய சொல்லே சிங்களம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பித்தளைப் பொத்தான் மினுக்கும் திரவத்தின் நெடி இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஞாபகம் வரும்.

கிழக்கில் பெரிய புயல் அடித்த வருடம் அப்பாவின் பிரிவை அங்கே அனுப்பினார்கள். வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடக் கூரையில் சனம் ஏறி நின்றது. சுற்றிவரத் தண்ணீர். வள்ளம் நிலைகொள்ளவில்லை. அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போனார். அவரோடு போன சுமனபால என்ற லான்ஸ் கோப்பரல் கூரையில் நின்று கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக இழுத்துக் கரைசேர்த்தார்கள். முதலில் முதியவர்களும் பிள்ளைகளும், பிறகு மற்றச் சனம், தங்கள் ஆள் கடைசி. அதுதான் அப்பா சொன்ன ஒழுங்கு.

சனம் முழுவதும் கரைக்கு வந்த பிறகு கூரையின் ஒரு பக்கம் சரிந்தது. சுமனபால மாமா கால் முறிந்து, ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தார். இரண்டு பேருக்கும் பதக்கம் கிடைத்தது.

அந்த ஒழுங்கு அன்றைக்குச் சரிவந்தது. அதை அப்பா வாழ்நாள் முழுக்க நம்பினார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை அவர் கல்நெஞ்சால் செய்ததாக ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

வாழைக்கடியில் ஒரு ரின்

தெற்கில் தமிழரின் வீடுகளை எரித்த ஆடிக் கலவரத்தில் அம்மாவும் நாங்களும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினோம். அப்பா மூன்று கிழமை கழித்து வந்தார். சுமனபால மாமா அவரைச் சாமான் லொறியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து வவுனியா வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். இணுவிலுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அப்பாவின் தலைமயிரெல்லாம் அரிசித் தவிடு. அதோடு படையை விட்டு விலகினார்.

தோட்டம் செய்தார். செம்மண்ணில் அவர் நட்ட வெங்காயம்கூட அணிவகுப்பில் நிற்பதுபோல் நேராக நிற்கும். ஊர் அவரைச் சார்ஜன்ட் என்றது. கொஞ்சக் காலம் போக, அதே வாய்கள் ஆமிக்காரன் என்றன. ஒருநாள் இயக்கப் பெடியள் விசாரணைக்குக் கூட்டிப்போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். தாடியோடு திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அம்மா பதக்கத்தை ஹோர்லிக்ஸ் ரின்னுக்குள் போட்டு வாழைக்கடியில் தாட்டுவைத்தார்.

முகாம் வாசல்

இராணுவம் எங்கள் பக்கத்தைப் பிடிக்க வர, சனமெல்லாம் தென்மராட்சிக்கு ஓடித் திரும்பி வந்த அடுத்த வருடம். இராணுவம் ஊரெல்லாம் நின்றது. சுற்றிவளைப்பில் இளம் ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள்.

முதலில் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தகப்பன் அழுதுகொண்டு வந்தார். சார்ஜன்டுக்குச் சிங்களம் தெரியும், வந்து ஒரு வார்த்தை கதையுங்கோ என்றார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்கடிக்குப் போனார். வெள்ளைச் சேர்ட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு சைக்கிளில் முகாமுக்குப் போய், காவலரண் முன்னால் விறைப்பாக நின்று தன் பழைய இலக்கத்தைச் சொன்னாராம். அந்தப் பிள்ளையை விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் இப்படி நான்கு பேரை வெளியில் எடுத்தார். அவர் பதக்கத்தை எடுக்கும்போதெல்லாம் அம்மா தடுப்பார். ஒருநாள் உங்களையும் உள்ளே போடுவார்கள் என்பார்.

அவரைப் போடவில்லை. செல்வனைப் பிடித்தார்கள்.

அவனும் சிவநேசனும் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனவர்கள். சந்தியில் வைத்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் இருபது, இருபத்தொன்று. சிவநேசன் அடுத்த வளவுச் சின்னம்மாக்காவின் ஒரே பிள்ளை. புருஷன் முன்பே ஷெல் விழுந்து செத்துப்போனவர். செய்தி கேட்டுச் சின்னம்மாக்கா எங்கள் படலையைப் பிடித்தபடி நின்ற நிலையை நான் எழுத மாட்டேன்.

அப்பா போனார். முகாமில் ஒரு இளம் லெப்டினன்ட் இருந்திருக்கிறார். பயிற்சிக் காலத்தில் அந்தக் கூரைக் கதையைக் கேட்டவராம். அப்பாவைக் கதிரையில் இருத்திப் பேசினார். பின்னேரம் மேலதிகாரி வருகிறார், அதற்குள் ஒருவரை மட்டும்தான், பிழையாகப் பிடித்துவிட்டோம் என்று எழுதி, வெளியே விடலாம், ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார்.

அப்பா ஒரு பெயர் சொன்னார்.

பொழுதுபடுவதற்குள் சிவநேசன் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அம்மா அவருக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. ஒரு பெயர் மட்டும் சொல்லச் சொன்னார்கள் என்றார் அப்பா.

“என்ன பேர் சொன்னனீங்கள்?” என்று அம்மா கேட்டார்.

“சிவநேசன்.”

பிறகு அப்பாவே சொன்னார்: “அவனுக்கு ஆரிருக்கினம்? எங்கடையனுக்கு நான் இருக்கிறன். நாளைக்கு வெள்ளனப் போய்க் கூட்டியாறன்.”

அடுத்தநாள் விடிந்ததும் போனார். அந்த லெப்டினன்ட் இல்லை. வேறு முகாமுக்குப் போய்விட்டாராம். ஆட்களை வைத்திருந்த தகரக் கொட்டில் வெறுமையாக இருந்தது. கழுவிய சீமெந்து நிலம் இன்னும் காயவில்லை என்று அப்பா சொன்னார். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று புதிதாக நின்றவர்கள் சொன்னார்கள்.

பிறகு

பிறகு என்ன. கடிதங்கள், விசாரணைக் குழுக்கள், வரிசைகள். அரசாங்கக் கச்சேரிக்கு, கொழும்புக்கு, திரும்பவும் கச்சேரிக்கு. செல்வனின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவன் முகம் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. ஒவ்வொரு அரசாங்கமும் ஒவ்வொரு படிவம் தந்தது. தபால் கந்தோரில் இருந்ததால் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பியது நான்தான். பற்றுச்சீட்டுகளை மட்டும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன்.

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அப்பாவோடு சண்டை பிடிக்கவில்லை. ஏன் அவன் பெயரைச் சொல்லவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. சாப்பாடு வைத்திருக்கு, தண்ணி கொதிச்சிட்டுது, இவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த கதை. ஒரே வீட்டில் அப்படி ஒன்பது வருடத்தை நான் நடுவில் நின்று பார்த்தேன். அம்மா கண்மூடிய அன்றைக்கு அப்பா அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கும்போது தொட விட்டிருக்க மாட்டார்.

பதக்கத்தை அப்பா பிறகு குத்தவில்லை. யுத்தம் முடிந்த பிறகு விழாக்களுக்கு அழைப்பு வரும். போக மாட்டார். கிழித்தும் எறிய மாட்டார். மடித்து வைப்பார்.

சிவநேசன் கலியாணம் செய்தான். மருதனார்மடத்தில் மரக்கறிக் கடை போட்டான். சனிக்கிழமைகளில் ஒரு பை மரக்கறி எங்கள் விறாந்தையில் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் வர மாட்டான். அப்பா நேரே வந்தால் நிலத்தைப் பார்ப்பான். நன்றி அதிகமானால் மனுஷர் இப்படித்தான் ஒடுங்கிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படிவம்

கப்டன் நீட்டிய படிவத்தில் பிள்ளைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனையை அவரிடமே கொடுத்து எழுதச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் என்றேன். ஜெயமணி, செல்வன்.

மகன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். வெளிநாடு என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்.

“அதை நீங்கள்தான் நிரப்ப வேணும்” என்று சிங்களத்தில் சொன்னேன். எந்த வருடம், எந்தச் சந்தி, எந்த முகாம் என்றும் சொன்னேன். குரல் உயரவில்லை. இத்தனை அதிகாரிகளுக்கு இத்தனை தரம் சொன்ன பிறகு அது ஒரு விலாசம் சொல்வதுபோல வந்துவிடுகிறது.

அவர் பேனையை மூடினார். தான் அப்போது பிறந்திருக்கவே இல்லை என்றார். தெரியும் என்றேன். உண்மையில் எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அவருடைய கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

கொடி வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம் என்றேன். அப்பா அந்தப் படைக்கு இருபத்துமூன்று வருடம் கொடுத்தார், பிறகு ஒரு மகனையும் கொடுத்தார், இனி அவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். பெட்டி போகும்போது தாங்கள் றோட்டோரத்தில் நிற்கலாமா என்று கேட்டார். றோட்டு எல்லாருக்கும் பொது என்றேன்.

போதகர் ஜெபம் செய்து முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் வலது கையாக வந்து நின்றவன் சிவநேசன். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் காலடி வைத்தான்.

வெளியில் வேலியோரமாக நான்கு பேரும் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். சனத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

கிணற்றடியில்

சவக்காலையிலிருந்து வந்து, சனம் கலைந்து, பின்னேர வெயில் சாயும் நேரம். கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிவநேசன் வந்து நின்றான். தோளில் பெட்டியின் விளிம்பு அழுத்திய அடையாளம் சேர்ட்டில் கோடாக இருந்தது.

“அக்கா, ஒண்டு சொல்லவேணும்” என்றான். நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவன் சொன்னது இதுதான். அவர்களை வைத்திருந்த கொட்டிலுக்கும் லெப்டினன்டின் அறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அப்பா வந்து கதைத்தது முழுவதும் உள்ளே கேட்டது. சிவநேசனுக்குச் சிங்களம் விளங்கவில்லை. செல்வனுக்கு விளங்கியது. குவாட்டேர்சில் வளர்ந்த பிள்ளை அல்லவா.

ஒரு பெயர் சொல்லுங்கள் என்றதையும் கேட்டான். அப்பா சொன்ன பெயரையும் கேட்டான்.

“என்ரை பேர் அடிபட, என்ன சொல்லுகினம் எண்டு கேட்டன். உன்னை விடப்போகினம் எண்டான். அப்ப உன்னை எண்டு கேட்டன். அப்பா எப்பவும் மற்றாக்களைத்தான் முதல் எடுப்பார், என்னை நாளைக்கு எடுப்பார், நீ போ எண்டான். நான் எழும்பேல்லை, அக்கா. அவன்தான் என்னைப் பிடிச்சுத் தள்ளினவன்.”

கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

“போகேக்கை சொன்னவன், அப்பாட்டைச் சொல்லு, எனக்குக் கேட்டது, ஆனால் கோவமில்லை எண்டு.”

இருபத்தெட்டு வருடம். அடுத்த வளவில். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பை மரக்கறி.

“கோவமில்லை எண்டதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எதுக்குக் கோவமில்லை எண்டு ஐயா கேப்பாரே. அவர் விடுவாரோ. பிறகு மகனுக்குக் கேட்டது எண்டு சொல்லவேணும். அதைச் சொன்னால் அவர் அண்டைக்கே செத்திருப்பார்.”

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆனால் அப்பா இருட்டு விறாந்தையில் கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்த அத்தனை மாலைகளும், அம்மாவின் ஒன்பது வருடமும் என் முன்னால் வந்து நின்றன. இந்த ஒரு வசனம் அந்த வீட்டுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நல்லதாகத்தான் ஆகியிருக்கும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி இந்தப் பக்கம் வரவேண்டாமென்றால் வரமாட்டேன் என்றான். நான் முப்பத்தோராம் நாள் நினைவு ஜெபத்துக்கு வரச் சொன்னேன். தாயையும் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லச் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள்

வந்தான். ஜெபம் முடிந்து, சாப்பிட இலை போடும் முன், எழும்பி நின்று சொன்னான். இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. தான் இத்தனை காலம் மறைத்ததையும் சொன்னான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னம்மாக்காவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, என்னவாம், என்ன சொல்லுறான் என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. நான் போய் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். அப்பா சொன்ன பெயரைத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான், உங்கள் மகன் எழும்ப மாட்டேன் என்று நிற்க, போ என்று தள்ளிவிட்டது தம்பிதான் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை. இவ்வளவு காலமும் கந்தசாமி கோயிலிலை உன்ரை அப்பாவின்ரை பேரைச் சொல்லித்தானே அர்ச்சனை செய்தனான். நட்சத்திரம் கேக்க வெக்கத்திலை பேரை மட்டும் சொல்லிச் செய்தனான். தம்பிக்கு ஒண்டும் செய்யேல்லையே.”

அதெல்லாம் பரவாயில்லை என்று ஏதோ சொன்னேன்.

“தம்பி பிறந்த திகதியும் நேரமும் சொல்லு. பஞ்சாங்கத்திலை நட்சத்திரம் பாப்பம்.”

எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளில் நட்சத்திரம் பார்த்து வைப்பதில்லை. ஆனால் அவன் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆஸ்பத்திரி வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். எல்லாம் ஞாபகம்.

அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வது. அது சின்னம்மாக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே முக்கால் என்றேன். திகதியையும் வருடத்தையும் சொன்னேன். அவர் விரலை மடித்து மடித்து, பிழை விடாமல், இரண்டுதரம் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டார்.